ஒரே ஒரு கேள்வி கேட்ட அக்கா

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேள்வி கேட்க வராது. புதுச்சேரி சாரத்தில், எங்கள் தெருவில் "எங்க கெளம்பிட்டே?" என்பது வணக்கம் சொல்வதற்குச் சமம். பதிலைக்கூட யாரும் எதிர்பார்ப்பதில்லை. அக்கா அதைக்கூடக் கேட்க மாட்டார். பையோடு வெளியே கிளம்புகிறவளைப் பார்த்தால், "வெயில் ஏறிடுச்சு, குடைய எடுத்துக்கோ" என்பார். எங்கே போகிறாய் என்பது அவருக்கு வேண்டியதில்லை, வெயில் படாமல் போனால் சரி.

அவரை அக்கா என்று நான் கூப்பிட்டேன், அம்மாவும் கூப்பிட்டாள், அம்மாவைவிட மூத்தவரான கோடி வீட்டுத் தாத்தாவும் கூப்பிட்டார். தனியாகத்தான் இருந்தார். ஏன் தனியாக இருக்கிறார் என்பது தெருவுக்குத் தீராத தலைவலி. புருஷன் ஓடிப்போனான் என்று ஒரு கட்சி, கல்யாணமே ஆகவில்லை என்று ஒரு கட்சி. தன்னைப் பற்றி ஊர் இவ்வளவு பேசும்போது அவர் ஊரைப் பற்றி ஒன்றும் கேட்காமல் இருந்தது, ஊருக்கு ஒருவிதத்தில் அவமானமாகவே இருந்தது.

ஒருநாள் பெரிய மார்க்கெட்டுக்குப் போக ஆட்டோ ஏறியிருக்கிறார். ஆட்டோக்காரர் ஏதோ நினைப்பில் ரெட்டியார்பாளையம் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டார். நாமாக இருந்தால் முதல் திருப்பத்திலேயே "ஏம்ப்பா, எங்க போற நீ?" என்று கத்தியிருப்போம். அக்கா வாயைத் திறக்கவில்லை. அங்கேயே இறங்கி, சாலையோரத்தில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வேறு ஆட்டோவில் திரும்பிவிட்டார். "ரெட்டியார்பாளையத்துல கத்திரிக்கா நல்லா பிஞ்சா இருந்துச்சு" என்று அம்மாவுக்கும் கொஞ்சம் கொடுத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தப் பொம்பளை சமத்தா அசடான்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியலடி" என்றாள். ஆனால் கத்தரிக்காய் நன்றாகத்தான் இருந்தது.

ரிடையர் ஆகும்வரை அவர் ஓர் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதும் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தவர். பேரு, வயசு, புருஷன் பேரு, என்ன உடம்புக்கு என்று காலையிலிருந்து கேட்பதுதான் உத்தியோகம். அழுதுகொண்டு வருகிறவளிடமும் கேட்டாக வேண்டும், வலியில் சுருண்டு நிற்கிறவனிடமும் கேட்டாக வேண்டும். "எம் பங்குக் கேள்வியெல்லாம் அங்கயே கேட்டு முடிச்சிட்டேன்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா அதை நம்பவில்லை. "சமையக்காரன் ரிடையரானா பசிக்காம பூடுமா?" என்றாள்.

எனக்கு வாய்த்தது பிரான்ஸ் மாப்பிள்ளை. புதுச்சேரியில் அந்த இரண்டு சொல்லுக்கு உள்ள மதிப்பை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். பையனுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிறது என்றால் ஜாதகம் தானாகப் பொருந்தும், நிறம் தானாக மாநிறமாகிவிடும். எனக்கும் அப்படித்தான் பொருந்தியது. தெருவே சேர்ந்து என்னை ஏர்போர்ட்டுக்கு அனுப்பியது. இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் ஒற்றைப் பெட்டியோடு நான் திரும்பி வந்து நின்றேன்.

அதன்பிறகு வாசலில் நிற்க முடியவில்லை. வைத்திக்குப்பத்திலிருந்து அன்னக்கூடையில் மீன் கொண்டுவரும் அக்கா, சங்கராவை நிறுத்துக்கொண்டே ஆரம்பிப்பார். "இன்னா பாப்பா, எப்ப திரும்பிப் போவ? அவரு போன் பண்றாரா? வயித்துல எதுனா கீதா?" கெட்ட மனசு கிடையாது. எனக்காக ஒரு மீன் கூடுதலாகப் போடுகிற மனசுதான். ஆனால் மூன்றாவது கேள்வி முடிவதற்குள் நான் உள்ளே ஓடிவிடுவேன்.

பக்கத்து வீட்டு அக்கா, நான் வந்த அன்று மதில்மேல் ஒரு கிண்ணத்தை வைத்தார். "ரசம் வெச்சேன். கொஞ்சம் காரமாப் பூடுச்சு" என்றார். நான் கடல் தாண்டிப் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது என்பதுபோல முகம். அந்த ரசத்தைக் குடித்துக்கொண்டே அழுதேன். காரம்தான் காரணம் என்று அம்மா நினைத்தாள்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு அவள் பயம். அங்கே தங்குவதற்கு எனக்குக் கொடுத்திருந்த 'கார்த்' என்ற அனுமதி அட்டை காலாவதியாக அதிக நாள் இல்லை. அதற்குள் நான் திரும்பாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அல்லது எல்லாம் அத்தோடு முடிந்தது. "என்ன நடந்துச்சுன்னு சொல்லு. சொல்ல மாட்டேன்னா கெளம்பு. ரெண்டுல ஒண்ணு பண்ணு" என்பாள். நியாயம்தான். ஆனால் எனக்குக் கிளம்பவும் முடியவில்லை, சொல்லவும் வரவில்லை. சொல்லாவிட்டால் அனுப்பிவைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் வரவில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் ஒரு சிட்டுக்குருவி குடித்தனம் ஆரம்பித்தது. காலையில் வைக்கோலும் நாரும் கொண்டுவந்து திணிக்கும். ஒயர் பற்றிக்கொள்ளும் என்று அம்மா துடைப்பத்தால் இழுத்துத் தள்ளுவாள். மறுநாள் மறுபடி நார். மறுபடி துடைப்பம். விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக இது ஓடிக்கொண்டிருந்ததை அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சில பலகைகளை மதில்மேல் தூக்கி வைத்தார்.

"கண்ணாடிக் கடைக்கு வந்த பேக்கிங் பலகை. கேக்காமயே குடுத்தான். எங்கிட்ட ரம்பம் ஒண்ணு கெடக்குது. அறுக்கத்தான் தெரியாது" என்றார்.

எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு கொய்யா மரம், ஒரு செம்பருத்தி, துணிக்கொடி. அதைத் தோட்டம் என்று சொல்வது எங்கள் வழக்கம். கொய்யா நிழலில் அக்கா பலகையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார், நான் அறுத்தேன். போனில் குருவிக்கூடு செய்யும் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். அதில் ஒரு வெள்ளைக்காரர் மெஷினை வைத்து நொடியில் ஓட்டை போட்டுவிட்டு நம்மைப் பார்த்துச் சிரித்தார். எங்களிடம் மெஷின் கிடையாது. தைல டப்பாவின் மூடியை வைத்து வட்டம் போட்டு, ஆணியால் சுற்றிக் குத்திக் குத்தி, கடைசியில் திருப்புளியால் நெம்பி எடுத்தோம். வட்டம் கோழிமுட்டை வடிவத்தில் வந்தது.

"குருவி அளவெடுக்க வராது" என்றார் அக்கா.

ஒரு பக்கப் பலகை குட்டையாகிவிட்டது. "அத செவுத்துப் பக்கமா வெச்சிட்டா யாருக்கும் தெரியாது" என்றார். மழைத்தண்ணீர் வடிய அடியில் ஆணித் துளைகள் போட்டோம். கூரையைச் சரிவாக வைத்து, திறந்து மூடப் பழைய சைக்கிள் டியூபை நறுக்கிக் கீலாக அடித்தோம். வாசலில் குருவி உட்கார ஒரு குச்சி வைத்தால் அழகாக இருக்கும் என்று நான் வைத்தேன். மறுநாள் அந்தக் குச்சியில் காக்கை உட்கார்ந்துகொண்டு உள்ளே மூக்கை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். "குச்சி குருவிக்கு வேண்டியதில்ல. காக்காவுக்குத்தான் தோதா இருக்கு" என்றார். குச்சியைப் பிடுங்கிவிட்டேன்.

அறுத்து, இழைத்து, ஆணியடித்து முடிக்க நாலைந்து மத்தியானம் ஆனது. அத்தனை மத்தியானமும் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத ஒருவர் பக்கத்தில் இருந்தால் உடம்பு தளர்ந்துவிடுகிறது என்பதை நான் அப்போதுதான் கண்டேன். நானாகவே ஏதாவது சொல்ல ஆரம்பித்தேன். அந்த ஊரில் பலகை நல்ல வாசனையாக இருக்கும் என்றேன். "ம்" என்றார். குளிரில் காது வலிக்கும் என்றேன். "ம்" என்றார். அவ்வளவோடு நின்றுவிடுவேன். அவரும் என்னை அங்கிருந்து ஓரடிகூட முன்னால் தள்ளவில்லை.

கூட்டைப் பின்பக்கச் சன்ஷேடுக்குக் கீழே சுவரில் மாட்டினோம். மறுநாள் காலையில் பார்த்தால் அதன் வாசலுக்கு மேலே ஒரு ராட்சச முகம் தொங்கிக்கொண்டிருக்கிறது. கொம்பு, கோரைப்பல், வெளியே தள்ளிய நாக்கு, முறுக்கு மீசை எல்லாம் உண்டு. கட்டடம் கட்டும்போது திருஷ்டிக்கு மாட்டுவார்களே, அதே முகம். அம்மா கடையில் வாங்கி வந்து ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டியிருக்கிறாள்.

"இன்னாடி மொறைக்கிற? புது வீடு கட்டுனா திருஷ்டி பொம்மை கட்ட மாட்டாங்களா?" என்றாள்.

குருவி வந்தது. துணிக்கொடியில் உட்கார்ந்தது. கூட்டைப் பார்த்தது, மீசையைப் பார்த்தது, ஒரு கத்துக் கத்திவிட்டு நேராக மீட்டர் பெட்டிக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு ஆத்திரமான ஆத்திரம். "திமிரப் பாரு! மாடி வீடு குடுத்தாலும் இதுக்குக் குடிசைதான் புடிக்குது!" என்று துடைப்பத்தை எடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒன்று புரிந்து, சிரிப்பு நின்றது. அந்த முகத்தை அம்மா குருவிக்காகக் கட்டவில்லை. இந்த வீட்டிலிருந்த எனக்காகக் கட்டியிருந்தாள். நான் கொய்யா நிழலில் உட்கார்ந்து சிரித்துப் பேசியதை அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். அதன்மேல் ஊர்க்கண் பட்டுவிடக் கூடாது என்று பயந்திருக்கிறாள்.

அக்கா மதிலுக்கு வந்தார். வேறு யாராக இருந்தாலும், "யாரு இதக் கட்டுனது?" என்றுதானே கேட்பார்கள்? கேட்டிருந்தால் அம்மா சண்டைக்குப் போயிருப்பாள். அக்கா ராட்சசனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொம்மை ரொம்ப நல்லாருக்கு. எனக்கே பயமா இருக்கு" என்றார். அம்மா குருவி உட்கார்ந்திருந்த கொடியைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி அதை அவிழ்த்து, தெருவைப் பார்க்க வாசலில் கட்டினாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டே நாளில் ஆண் குருவி ஓட்டைக்குள் தலையை விட்டது. பிறகு உடம்பையும் விட்டது. நாரும் பஞ்சும் துணிக்கொடியிலிருந்து உருவிய நூலுமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தன. எனக்குத் தாங்கவில்லை. டியூப் கீலைத் தூக்கி உள்ளே பார்த்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஸ்டூலில் ஏறிக் கூரைமேல் கையை வைத்துவிட்டேன்.

"அது உள்ள பண்றதப் பண்ணட்டும். தோணும்போது அதுவே தலைய நீட்டும்" என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

கையை எடுத்தேன். இறங்கவில்லை. அன்று காலையில்தான் அம்மா சொல்லியிருந்தாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் பெரியப்பா பேச வருகிறார் என்று. எனக்கு டிக்கெட் போட்டுக் கையோடு அனுப்பிவைக்கத்தான் வருகிறார். ஸ்டூலின் மேல் நின்றபடியே, சுவரைப் பார்த்துக்கொண்டே நான் சொல்ல ஆரம்பித்தேன்.

என் கணவர் அடித்ததில்லை. குடித்ததில்லை. வேறு பெண்ணும் கிடையாது. கேட்பார், அவ்வளவுதான். வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் ஆரம்பிப்பார். எங்கே போனாய், யாரோடு பேசினாய், ரொட்டி வாங்க ஏன் இவ்வளவு நேரம், போனில் ஏன் சிரித்தாய். பதில் சொன்னால் அந்தப் பதிலிலிருந்து இன்னொரு கேள்வி முளைக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். கடைசியில் நான் வெளியே போவதை நிறுத்தினேன். பிறகு போனில் பேசுவதை நிறுத்தினேன். எதுவுமே செய்யாவிட்டால் கேட்க ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். அப்போது, என்ன யோசிக்கிறாய் என்று கேட்டார்.

எவ்வளவு நேரம் சொன்னேன் என்று தெரியாது. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அக்கா மதிலில் கையை ஊன்றி அப்படியே நின்றிருந்தார். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அவனெல்லாம் மனுஷனா என்றும் சொல்லவில்லை. வாழ்நாளில் அவர் கேட்டு நான் கேட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்.

"அந்த ஊருல சிட்டுக்குருவி உண்டா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு சொன்னதற்கு இதுவா? ஆனால் என் வாய் அதற்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. உண்டு அக்கா. எங்கள் பால்கனிக்கு வரும். ரொட்டித் தூள் போடுவேன். அங்கே எனக்கு இருந்த ஒரே துணை அதுதான். ஒருநாள் அவர், ஏன் பால்கனியில் நின்றாய், எதிர்வீட்டில் யாரைப் பார்த்தாய் என்று கேட்டார். குருவி என்றேன். நம்பவில்லை. அன்றோடு பால்கனிக் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே வந்து வந்து பார்த்துவிட்டு அதுவும் வராமல் போய்விட்டது.

அக்கா தலையை ஆட்டினார். "அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஆப்பிளும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், இந்த வயதிலும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நல்ல மனிதர். "அலோர்" என்று பிரெஞ்சில் ஆரம்பித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்க வேண்டியதை எல்லாம் முறையாகக் கேட்டார்.

"கை நீட்டுனானாம்மா?"

"இல்ல."

"குடியா?"

"இல்ல."

"வேற எதாவது சகவாசம்?"

"இல்ல மாமா."

"அப்ப இன்னாதாம்மா கொறை? கார்த்து வேற முடியப்போவுது. பொழைக்கிற வழியப் பாக்க வேணாமா?"

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரிந்தது. பெரிதாகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. மதில் பக்கம் ஒருமுறை சொல்லிப் பழகிய ஒன்று மட்டும் இருந்தது.

"பால்கனியில நின்னு குருவி பாத்தேன். யாரப் பாக்குறேன்னு கேட்டாரு. அன்னையிலேந்து கதவத் தொறக்கல. ஒரு வருஷம் தொறக்கல" என்றேன்.

பெரியப்பாவுக்குப் புரியவில்லை. "குருவியா?" என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. பின்கட்டில் குருவி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குருவியைக்கூடப் பார்க்க முடியாமல் நான் அங்கே அடைபட்டிருந்தேன் என்று, என்னிடம் இத்தனை நாள் கேட்டுக் கிடைக்காத பதில் அவளுக்கு அதில் கிடைத்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணே, காப்பி ஆறுது, குடிங்க. அவ போவ மாட்டா. எம் பொண்ணு இந்த வூட்டுல இருக்கறதுக்கு எந்தக் கார்த்தும் வேணாம்" என்றாள்.

பெரியப்பா காப்பியைக் குடித்தார். கிளம்பும்போது என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். ஆப்பிளில் பாதியை அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். யார் வந்தார், என்ன முடிவாயிற்று என்று தெரு முழுக்கத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா பழத்தை வாங்கித் திருப்பிப் பார்த்து, "நல்லா செவப்பா இருக்கு" என்றார். மறுநாளிலிருந்து மீன்கார அக்காவுக்கு முன்னால் நான் ஓடவில்லை. "போவல, இங்கதான் இருப்பேன்" என்றேன். "அப்ப சரி, வஞ்சிரம் எடுத்துக்கோ" என்றார். இவ்வளவு எளிதாக முடிகிற விஷயமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இப்போது வீட்டிலேயே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் பிரான்ஸ் மாப்பிள்ளை அமைந்த பெண்கள். வணக்கம், நன்றி சொல்லிக்கொடுத்த கையோடு, 'சொல்ல விருப்பமில்லை' என்பதையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்கிறார்கள். கூட்டில் வருஷா வருஷம் குருவி வருகிறது. குஞ்சுகள் பறந்துபோன பிறகு கூரையைத் திறந்து துடைப்பேன். குருவி இருக்கும்போது இன்றுவரை தொட்டதில்லை.

அக்கா போன வருஷம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். சாமான்களை வண்டியில் ஏற்ற நான்தான் உதவினேன். ரம்பத்தை என்னிடம் கொடுத்து, "இது உனக்கு" என்றார். வண்டி கிளம்பும் நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. அவர் யார், எங்கிருந்து வந்தார், ஏன் தனியாக இருந்தார், இப்போது எங்கே போகிறார், ஒன்றுமே எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு வாழ்க்கையை மீட்டுக்கொடுத்தவரைப் பற்றி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினார், அவர் ரசத்தில் காரம் தூக்கல் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. வண்டிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கொய்யா மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்.

"நீ கேளு. நீ கேட்டா சொல்றேன்" என்றார்.

கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் தலைக்கு மேலே குருவி போய் வந்துகொண்டிருந்தது. அவர் சொன்னதை நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. பெயரையும் எழுதவில்லை. நீங்களும் கேட்க மாட்டீர்கள்.